எர்ன்ஸ்ட் ராபெல்: இத்தனை பல்கலைக்கழகங்கள் மாறியது ஏன்?

மழைக்குருவி:

எல்லோருக்கும் வணக்கம். முதுகலைச் சட்டத்தில் பன்னாட்டுத் தனியார் சட்டம் (பல நாட்டுச் சட்டங்கள் குறுக்கிடும் தனியார் வழக்கில் எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்று பார்க்கும் துறை) எடுத்திருக்கிறேன். கருத்தரங்குக்கு ஆளுக்கொரு தனியார் சட்ட அறிஞரைப் பிரித்துக் கொடுத்து, அவருடைய கல்விப்பணி வாழ்க்கையைப் பற்றி இருபது நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு விழுந்த சீட்டு எர்ன்ஸ்ட் ராபெல்.

தேதிகளைத் திரட்டிவிட்டேன். 1874இல் வியன்னாவில் பிறப்பு. 1895இல் அங்கேயே முனைவர் பட்டம். 1902இல் லைப்சிக்கில் ஹாபிலிட்டேஷன். 1906 பாசல், 1910 கீல், 1911 கோட்டிங்கன், 1916 மியூனிக், 1926 பெர்லின். அப்புறம் 1939இல் அமெரிக்கா. 1955இல் சூரிக்கில் மரணம்.

இதைப் பார்த்தால் மனிதர் ஓரிடத்தில் நிலையாக உட்காரவே இல்லை போலிருக்கிறது. கீலில் ஒரே வருடம்! சக ஆசிரியர்களோடு ஒத்துப்போகாதவரா? இன்னொன்றும் பிடிபடவில்லை. பாதி வாழ்க்கை ரோமச் சட்டம், பாப்பிரஸ் (பழங்கால நாணல்தாள் ஆவணங்கள்) என்று எழுதிக்கொண்டிருந்தவர் திடீரென்று ஒப்பீட்டுச் சட்டத்துக்குத் தாவிவிடுகிறார். இரண்டுக்கும் என்ன தொடர்பு? தேதிகளை வரிசையாக வாசித்தால் வகுப்பே தூங்கிவிடும். பிடித்துக்கொண்டு பேச ஏதாவது ஒரு சரடு கிடைத்தால் உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

எல்பேக்கரை:

சண்டைக்காரர் என்று வகுப்பில் சொல்லி வைக்காதீர்கள். இந்தப் பட்டியலை ஒரு ஜெர்மன் சட்டப் பேராசிரியரிடம் நீட்டினால், "அடேயப்பா, என்ன வேகமாக ஏறியிருக்கிறார்" என்றுதான் சொல்வார்.

நான் ஹாம்பர்க்கில் தனியார் சட்டத்தில் முனைவர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருப்பவன். இங்கே வந்த புதிதில் எனக்கு மிகவும் விநோதமாகப் பட்டது இந்த ஏணிதான். அது தெரியாமல் எந்த ஜெர்மன் அறிஞரின் வாழ்க்கைக் குறிப்பையும் படிக்க முடியாது. முனைவர் பட்டம் வாங்கினால் பேராசிரியர் ஆகிவிட முடியாது. அதற்கு மேல் இரண்டாவதாக ஒரு பெரிய நூல் எழுதி, பேராசிரியர் குழுவின் முன் தேறவேண்டும். அதுதான் ஹாபிலிட்டேஷன். தேறியவருக்கு இன்னின்ன துறைகளில் பாடம் நடத்தலாம் என்று உரிமை கொடுப்பார்கள், சம்பளம் கொடுக்க மாட்டார்கள். பிரிவாட்டோட்சென்ட் என்று பெயர். ராபெல் காலத்தில் அவருக்கு வருமானம், வகுப்புக்கு வரும் மாணவர்கள் கட்டும் கட்டணம் மட்டும்தான். பத்துப் பேர் வந்தால் பத்துப் பேர் காசு.

அதன் பிறகு வேறொரு பல்கலைக்கழகம் அழைக்கவேண்டும். ஓரிடத்தில் இருக்கை காலியானால் அந்தச் சட்டத்துறை மூன்று பெயர்கள் கொண்ட பட்டியலைத் தயாரித்து அமைச்சகத்துக்கு அனுப்பும். அமைச்சகம் ஒருவரைத் தேர்ந்து அழைப்பு விடுக்கும். தான் ஹாபிலிட்டேஷன் செய்த இடத்திலேயே இருக்கையில் ஏறி உட்காருவது வழக்கம் இல்லை. சொந்த வீட்டுப் பிள்ளைக்கே பதவியா என்று கேட்டுவிடுவார்கள். ஆக, மேலே போகவேண்டுமானால் பெட்டியைக் கட்டித்தான் தீரவேண்டும்.

இப்போது உங்கள் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். லைப்சிக்கில் உரிமை பெற்றார். பாசல் அவரை முழுப் பேராசிரியராக அழைத்தபோது வயது 32. கீல் அந்தக் காலத்தில் பிரஷ்யாவின் நுழைவாயில் மாதிரி. பலர் அங்கே கால் வைத்துவிட்டு அடுத்த அழைப்புக்குக் காத்திருப்பார்கள். ராபெலுக்கு அது ஒரே வருடத்தில் வந்துவிட்டது. கோட்டிங்கன் நடுப்படி. மியூனிக், லைப்சிக், பெர்லின் மூன்றும் உச்சிப்படிகள். அவற்றில் இரண்டில் இருக்கை பெற்றிருக்கிறார். இதைவிட நல்ல வரிசை கிடைப்பது கஷ்டம்.

இன்றைக்கும் பெரிய மாற்றம் இல்லை. 2002இல் இளநிலைப் பேராசிரியர் பதவி என்று ஒரு குறுக்குவழியைத் திறந்தார்கள். ஆனால் சட்டத்துறை ஹாபிலிட்டேஷனை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. எங்கள் பிரிவில் அதை முடித்த ஒருவர் இருக்கிறார். எந்த ஊரில் இருக்கை காலியாகக் கிடக்கிறதோ அங்கே ஒரு செமஸ்டருக்குப் பதிலாளாகப் போய் வகுப்பெடுக்கிறார், அடுத்த செமஸ்டர் வேறு ஊர். விடைத்தாள் கட்டுகளை ரயிலில் மடியில் வைத்துக்கொண்டே திருத்துகிறார். அவருடைய வாழ்க்கைக் குறிப்பையும் பின்னால் யாராவது படித்துவிட்டு "நிலையில்லாதவர்" என்று எழுதலாம்.

ரோமச் சட்டம் பற்றிய கேள்விக்கு இரவு வந்து எழுதுகிறேன். உண்மையில் நல்ல கேள்வி அதுதான்.

கணக்குப்பிள்ளை:

எல்பேக்கரை சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இடமாற்றத்தில் பெருமை மட்டும் இல்லை, பணமும் இருந்தது. முழுப் பேராசிரியருக்கு அரசுச் சம்பளம் உண்டு. அதற்கு மேல் மாணவர் கட்டணம் தனி. பெர்லின், மியூனிக், லைப்சிக் மாதிரி பெரிய இடங்களில் அடிப்படைச் சிவில் சட்ட வகுப்புக்கு நூற்றுக்கணக்கில் மாணவர்கள் வருவார்கள். ஒரே பாடத்தை நடத்தும் ஆளுக்குக் கீலில் கிடைப்பது ஒன்று, பெர்லினில் கிடைப்பது வேறு.

வேறு இடத்திலிருந்து அழைப்பு வந்தால் அதைக் காட்டி, இருக்கும் இடத்திலேயே சம்பளத்தையும் உதவியாளர் எண்ணிக்கையையும் ஏற்றிக்கொள்கிற பேரமும் உண்டு. எனவே ஒருவர் எங்கெங்கே போனார் என்பதோடு எந்த அழைப்புகளை மறுத்தார் என்பதும் ஜெர்மன் வாழ்க்கைக் குறிப்புகளில் பெருமையாக இடம்பெறும். போகாத ஊருக்கும் மதிப்பெண் போடும் தொழில் இது ஒன்றுதான்.

எல்பேக்கரை:

கணக்குப்பிள்ளை பெயருக்கு ஏற்றபடி பேசிவிட்டார். சரி, ரோமச் சட்டத்துக்கு வருகிறேன்.

முதலில் ஒரு தேதி: 1900 ஜனவரி 1. ஜெர்மன் சிவில் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்த நாள். அதற்கு முந்தின நாள் வரை ஜெர்மனியின் பல பகுதிகளில் ரோமச் சட்டம் வாழும் சட்டம். ஆறாம் நூற்றாண்டு ரோமப் பேரரசர் ஜஸ்டினியனின் சட்டத்தொகுப்பிலிருந்து ஒரு பத்தியை எடுத்துக்காட்டி வழக்கில் ஜெயிக்கலாம். விண்ட்ஷைட் போன்ற பேராசிரியர்கள் அந்தப் பத்திகளைக் கட்டமைத்து எழுதிய பாடநூல்களை நீதிமன்றங்கள் சட்டம் மாதிரியே பயன்படுத்தின. தொகுப்பு வந்ததும் ரோமச் சட்டப் பேராசிரியர்கள் ஒரே இரவில் வரலாற்று ஆசிரியர்கள் ஆகிவிட்டார்கள். ராபெல் 1895இல் பட்டம் வாங்கியவர், 1902இல் ஹாபிலிட்டேஷன் முடித்தவர். அந்தப் பிளவு சரியாக அவருடைய பயிற்சிக் காலத்தின் நடுவில் விழுகிறது.

அவருடைய ஆசான் லூட்விக் மிட்டைஸ், வியன்னாவில் அவரைத் தயார் செய்தவர். மிட்டைஸ் 1899இல் லைப்சிக்குக்குப் போனார், சீடரும் பின்னாலேயே போனார். மிட்டைஸின் பெயர் நின்றது 1891இல் அவர் எழுதிய ஒரு நூலால். ரோமப் பேரரசின் சட்டம் கிழக்கு மாகாணங்களுக்குப் போனபோது அங்கே ஏற்கெனவே இருந்த கிரேக்க, எகிப்திய வழக்கங்கள் செத்துவிடவில்லை, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின என்று பாப்பிரஸ் ஆவணங்களை வைத்துக் காட்டினார். ஒரே இடத்தில் இரண்டு சட்டங்கள், ஒரே ஒப்பந்தத்துக்கு இரண்டு பார்வைகள். கவனித்தீர்களா? அது ஒப்பீட்டுச் சட்டம்தான், காலம் மட்டும்தான் பழசு. ராபெல் பாசலில் இருந்த பாப்பிரஸ்களைப் பதிப்பித்து 1917இல் வெளியிட்டார். எகிப்தில் ஒரு கிரேக்கன் எழுதிய விற்பனைச் சீட்டைப் படித்துப் பழகிய கண்ணுக்கு, பிரெஞ்சு விற்பனைச் சட்டத்தையும் ஆங்கில விற்பனைச் சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் படிப்பது புது வித்தை இல்லை. ஆகவே தாவினார் என்று நான் சொல்ல மாட்டேன்.

உங்களுக்குச் சரடு வேண்டும் என்றீர்களே, என் கையில் ஒன்று இருக்கிறது: விற்பனை. 1902 ஹாபிலிட்டேஷன் நூல், விற்ற பொருள் மீது வேறு யாருக்காவது உரிமை இருந்துவிட்டால் விற்றவர் எந்த அளவுக்குப் பொறுப்பு என்பதைப் பற்றியது. 1929இல், நாடுகளின் தனியார் சட்டங்களை ஒன்றுபடுத்துவதற்காக ரோம் நகரில் இருக்கும் யுனிட்ராய்ட் நிறுவனத்துக்கு, உலகத்துக்கெல்லாம் பொதுவான விற்பனைச் சட்டம் சாத்தியமா என்று ஓர் அறிக்கை கொடுத்தார். 1936இல் சரக்கு விற்பனைச் சட்டம் பற்றிய பெருநூலின் முதல் பாகம். இரண்டாம் பாகம் அவர் இறந்த பிறகு 1958இல். ஐம்பது வருடத்துக்கு மேல் ஒரே கேள்வி: விற்கிறேன் என்று ஒருவன் சொன்னால் எதற்கெல்லாம் வாக்குக் கொடுத்திருக்கிறான்?

இதில் ஓர் இடத்தை மட்டும் பக்கத்தில் போய்ப் பாருங்கள், அதுதான் ராபெலின் முகம். 1907இல் ஒரு கட்டுரை. பொருள், செயலின் இயலாமை. நான் உங்களுக்கு ஒரு கப்பல் சரக்கை விற்கிறேன். ஒப்பந்தம் போடும்போதே சரக்கு எரிந்து சாம்பலாகிவிட்டது, நமக்குத் தெரியாது. 1900ஆம் ஆண்டுத் தொகுப்பின் 306ஆம் பிரிவு என்ன சொல்லியது? தொடக்கத்திலேயே இயலாத ஒன்றுக்கான ஒப்பந்தம் செல்லாது, அவ்வளவுதான். நான் தெரிந்தோ, தெரிந்திருக்கவேண்டிய நிலையிலோ ஒப்பந்தம் போட்டிருந்தால் என்னை நம்பி நீங்கள் செய்த வீண்செலவு திரும்பக் கிடைக்கும். ஒப்பந்தம் நிறைவேறியிருந்தால் வந்திருக்கும் லாபம் கிடைக்காது. சரி, அதே சரக்கு ஒப்பந்தத்துக்கு மறுநாள் என் கவனக்குறைவால் எரிந்தால்? அப்போது முழு இழப்பீடு. தீ ஒரு நாள் முன்பு பிடித்ததா, பின்பு பிடித்ததா என்பதில் வாங்கியவரின் தலையெழுத்து தொங்குகிறது.

இதற்கு ரோமச் சட்டத்தைத்தான் காரணம் காட்டினார்கள். இயலாததற்குக் கடமை இல்லை என்ற பழைய ரோம வாக்கியம் ஒன்று உண்டு. 1853இல் ஃபிரீட்ரிக் மொம்சன் (வரலாற்றாசிரியர் தியோடர் மொம்சன் வேறு ஆள், குழப்பிக்கொள்ளாதீர்கள்) அந்த ஒரு வாக்கியத்தின் மேல் ஒரு மாளிகையே எழுப்பினார். விண்ட்ஷைட் அதில் குடியேறினார், தொகுப்பு அதை விலைக்கு வாங்கியது. ராபெல் செய்தது எளிமையானது, அதைச் செய்ய ரோமச் சட்டக்காரராக இருந்தால்தான் முடியும். மூலப் பத்திகளுக்கே போனார். அந்த ரோம வாக்கியம் குறுகிய சில நிலைகளுக்குச் சொன்னது, இத்தனை பெரிய மாளிகையை அது தாங்காது என்று காட்டினார். பொருள் இருக்கிறது என்று வாக்குக் கொடுத்தவன் அந்த வாக்குக்குப் பொறுப்பு ஏற்கட்டும் என்றார். அவருடைய பழைய படிப்பு மூட்டை கட்டி வைக்கப்படவில்லை. நடைமுறைச் சட்டத்தை உடைக்க அதையே கடப்பாரையாக எடுத்துக்கொண்டார்.

306ஆம் பிரிவு 2002 ஜனவரி 1இல் போய்ச் சேர்ந்தது. இப்போது 311ஏ பிரிவு: ஒப்பந்தம் செல்லும், தெரிந்தோ, தெரிந்திருக்கவேண்டிய நிலையிலோ வாக்குக் கொடுத்தவர் முழு இழப்பீடு தரவேண்டும். கட்டுரை எழுதி 95 வருடம்.

பாதிராத்திரி வாசகன்:

எல்பேக்கரை எழுதியதை ரசித்துப் படித்தேன், ஆனால் கடைசிப் பத்தியில் அவசரப்பட்டுவிட்டார். 1907 கட்டுரை, 2002 வெற்றி என்று நேர்கோடு போட்டால் நடுவில் உழைத்தவர்கள் எல்லாம் காணாமல் போய்விடுவார்கள். மழைக்குருவி அந்தக் கோட்டை அப்படியே மேடையில் போட்டால் விவரம் தெரிந்தவர் எவராவது பிடித்துவிடுவார்.

நடுவில் நடந்தது இது. யுனிட்ராய்ட் தயாரித்த பொது விற்பனைச் சட்ட வரைவு இரண்டாம் உலகப் போர் வந்ததும் முடங்கியது. அது 1964இல் ஹேக் நகரில் நாடுகளுக்குப் பொதுவான இரண்டு விற்பனைச் சட்டங்களாக வந்தது. சில நாடுகளே சேர்ந்தன. அப்புறம் ஐ.நா. கையில் எடுத்து 1980 ஏப்ரலில் வியன்னாவில் பன்னாட்டுச் சரக்கு விற்பனை உடன்படிக்கையை நிறைவேற்றியது. 1988இல் நடைமுறைக்கு வந்தது, ஜெர்மனிக்கு 1991இல். அதில் இயலாமை, தாமதம், குறைபாடு என்று தனித்தனிப் பெட்டிகள் இல்லை. ஒப்பந்தப்படி செய்தாயா இல்லையா என்ற ஒரே கேள்வி. ராபெல் கேட்டது அதுதான்.

அதை ஜெர்மனிக்குள் கொண்டுவந்ததில் ஆட்கள் சங்கிலி ஒன்று இருக்கிறது. ராபெல் பெர்லினில் நடத்திய ஆராய்ச்சி நிறுவனத்தில் இளைஞராக வேலை பார்த்தவர் எர்ன்ஸ்ட் ஃபொன் கெம்மரர். பின்னால் ஃபிரைபுர்க்கில் பேராசிரியர். அவருடைய மாணவர் பீட்டர் ஷ்லெக்ட்ரீம், வியன்னா உடன்படிக்கைக்கு உரை எழுதியதில் முதல் வரிசை ஆள். மிட்டைஸ், ராபெல், கெம்மரர், ஷ்லெக்ட்ரீம் என்று நாலு தலைமுறை. ஜெர்மானியர்கள் ஒரு பேராசிரியரை அறிமுகம் செய்யும்போது யாருடைய மாணவர் என்று தொடங்குவதற்குக் காரணம் இந்தச் சங்கிலிதான்.

இத்தனைக்கும் 2002 சீர்திருத்தத்தை அவசரமாக நிறைவேற்ற வைத்தது எது தெரியுமா? நுகர்வோர் விற்பனை பற்றிய 1999ஆம் ஆண்டு ஐரோப்பிய ஆணை. 2002 ஜனவரி 1க்குள் உள்நாட்டுச் சட்டத்தை மாற்றியாகவேண்டும் என்று கெடு. பழைய தொகுப்பில் குறைபாடுள்ள பொருளுக்கு வழக்குப் போட ஆறே மாதம், ஆணை கேட்டது இரண்டு வருடம். எப்படியும் கூரையைப் பிரிக்கத்தான் போகிறோம், சுவரையும் சேர்த்துக் கட்டிவிடுவோம் என்று அமைச்சகம் முடிவெடுத்தது. ராபெலின் யோசனை அலமாரியில் தயாராக இருந்ததால் கைக்கு எட்டியது. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் யோசனை தானாக நடந்து வந்துவிடவில்லை.

மழைக்குருவி:

இரண்டு பேருக்கும் நன்றி. விற்பனையைச் சரடாக எடுத்துக்கொள்கிறேன், கெம்மரர் வழியாகவே போகிறேன்.

ஆனால் பெர்லினுக்குப் பிறகு எனக்கு இடறுகிறது. அத்தனை உச்சிப்படி ஏறியவர் அமெரிக்காவில் ஒரு பேராசிரியர் இருக்கைகூடப் பெறவில்லை, வெறும் ஆராய்ச்சிப் பணி மாதிரி தெரிகிறது. அவருடைய பெர்லின் ஆட்களே அங்கே இருக்கை பெற்றிருக்கிறார்களே?

எல்பேக்கரை:

பாதிராத்திரி சொன்ன கெடு விஷயம் சரி, சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெர்லினை வேகமாகக் கடந்துவிடாதீர்கள். 1916இலேயே மியூனிக்கில் ஓர் ஒப்பீட்டுச் சட்ட நிறுவனம் தொடங்கினார். ஜெர்மனியில் அந்த வகையில் முதலாவது. அப்போது அது பேராசிரியரின் ஆசை மட்டும்தான். முதல் உலகப் போருக்குப் பிறகு அது நாட்டின் தேவை ஆகிவிட்டது. வெர்சாய் ஒப்பந்தப்படி அமைந்த கலப்பு நடுவர் மன்றங்களில் ஜெர்மானியர்களின் சொத்து, கடன், ஒப்பந்தம் எல்லாம் வழக்காக வந்து நின்றன. எதிர்த்தரப்பின் சட்டம் தெரியாமல் ஒரு வழக்கையும் நடத்த முடியாது. ராபெல் ஜெர்மன்–இத்தாலிய மன்றத்தில் உறுப்பினர். ஹேக் நிரந்தரப் பன்னாட்டு நீதிமன்றத்தில் ஹோர்சோவ் தொழிற்சாலை வழக்கில் ஜெர்மனி தரப்பில் நியமிக்கப்பட்ட தனி நீதிபதியும் அவரே. 1926இல் பெர்லினில் வெளிநாட்டு, பன்னாட்டுத் தனியார் சட்டத்துக்கான கைசர் வில்ஹெல்ம் நிறுவனத்தைத் தொடங்கியபோது இயக்குநர் பதவிக்கு வேறு பெயர் யோசிக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. இடம், மன்னர் போய்விட்ட அரண்மனை. அடுத்த வருடமே இதழும் தொடங்கினார். 1961 முதல் அந்த இதழ் அவர் பெயரையே சுமக்கிறது. நிறுவனம் 1944இல் டூபிங்கனுக்கும் 1956இல் ஹாம்பர்க்குக்கும் வந்து, இப்போது மாக்ஸ் பிளாங்க் நிறுவனம்.

இனி கசப்பான பகுதி. ராபெல் கத்தோலிக்கர், குடும்பம் யூத வழியில் வந்தது. 1933 ஏப்ரலில் வந்த அரசுப் பணியாளர் சட்டம் யூத வழியினரை வெளியேற்றியது. ஆனால் 1914 ஆகஸ்டுக்கு முன்பே பணியில் இருந்தவர்களுக்கு விலக்கு இருந்தது. 1910இலேயே கீலில் நியமனம் பெற்றவர் என்பதால் அவர் அந்த விலக்குக்குள் வருகிறார். நீங்கள் கிண்டலடித்த அந்த ஒரு வருடக் கீல் வரிக்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு. 1935இல் விலக்கை எடுத்தார்கள், பல்கலைக்கழக இருக்கை போனது. 1937இல் நிறுவனமும் போனது. எர்ன்ஸ்ட் ஹைமன் அந்த இடத்தில் வந்தார். 1939இல் நாட்டைவிட்டுக் கிளம்பினார். அப்போது வயது 65, அதாவது அன்றைய சக பேராசிரியர்கள் ஓய்வையும் பாராட்டு மலரையும் எதிர்பார்த்திருக்கும் வயது.

அவருடைய ஆட்களைப் பொறுத்தவரை, வயதைப் பாருங்கள். மாக்ஸ் ரைன்ஸ்டைன் 1899இல் பிறந்தவர், 1933இலேயே போய்விட்டார், சிகாகோவில் பேராசிரியர் ஆனார். ஃபிரீட்ரிக் கெஸ்லர் 1901இல் பிறந்தவர், யேலுக்குப் போனார். ஒருதலைப்பட்சமாக அச்சடித்துக் கொடுக்கும் ஒப்பந்தப் படிவங்களைப் பற்றி 1943இல் அவர் எழுதிய கட்டுரையை அமெரிக்க ஒப்பந்த வகுப்புகளில் இன்றும் விடமாட்டார்கள். முப்பத்து சொச்சத்தில் போனவர்களால் அமெரிக்கச் சட்டத்தை முதலிலிருந்து கற்று, அதைப் பாடமாக நடத்த முடிந்தது. வேதியியல் பேராசிரியருக்கு எந்த நாட்டிலும் அதே மூலகங்கள்தான். சட்டப் பேராசிரியரோ எல்லையைத் தாண்டினால் தன் கையிருப்பில் பெரும்பகுதியைச் சுங்கச்சாவடியிலேயே விட்டுவிட்டுப் போகவேண்டும்.

ராபெலிடம் எல்லை தாண்டிச் செல்லுபடியாகும் சரக்கு ஒன்று இருந்தது, ஒப்பீடு. மிச்சிகனில், ஆன் ஆர்பரில், ஹெஸ்ஸல் இன்டெமா என்ற பேராசிரியர் அவருக்குப் பெரிய துணை. அங்கே உட்கார்ந்து சட்ட முரண்பாடு (பன்னாட்டுத் தனியார் சட்டத்துக்கு அங்கே வழங்கும் பெயர்) பற்றிய ஒப்பீட்டுப் பெருநூலை ஆங்கிலத்திலேயே எழுதினார். முதல் பாகம் 1945இல் வந்தபோது அவருக்கு 71. நான்கு பாகங்கள், கடைசிப் பாகம் 1958இல், அவர் இறந்த பிறகு. அந்த இருக்கை கிடைக்காததை அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். கணக்குப்பிள்ளை 65 வயதில் எந்த ஊரில் இருக்கை கொடுப்பார்கள் என்று கேட்பார், கேட்கட்டும்.

கணக்குப்பிள்ளை:

கேட்கத்தான் போகிறேன். ஆனால் ஒன்று, 1954இல் எண்பதாவது வயதுக்கு இரண்டு தொகுதியில் பாராட்டு மலர் வந்தது. ஒரு தொகுதி ஒப்பீட்டுச் சட்டமும் பன்னாட்டுத் தனியார் சட்டமும், மற்றது பழங்காலச் சட்டங்களின் வரலாறும் பொதுச் சட்டக் கோட்பாடும். மழைக்குருவிக்கு வந்த "இரண்டுக்கும் என்ன தொடர்பு" குழப்பம் பதிப்பாசிரியர்களுக்கும் இருந்திருக்கும் போல, தனித்தனியாக அட்டை போட்டுவிட்டார்கள்.

பெர்லின் ஆட்களில் வால்டர் ஹால்ஸ்டைனை மறந்துவிட்டீர்கள். ராபெல் நிறுவனத்தில் வேலை பார்த்து, 30 வயதுக்கு முன்பே ரோஸ்டோக்கில் பேராசிரியர் ஆனவர். 1958இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் ஆணையத்துக்கு முதல் தலைவர். நுகர்வோர் ஆணை என்று நீங்கள் மேலே பேசினீர்களே, அத்தகைய ஆணைகளை முன்மொழியும் அமைப்பின் தொடக்கத்தில் இருந்தவர் அவர்.

மழைக்குருவி:

விற்பனைக்கு நடுவில் பன்னாட்டுத் தனியார் சட்டத்தையும் ஐந்து நிமிடம் தொடவேண்டும், எங்கள் பாடமே அதுதான். ராபெலின் 1931ஆம் ஆண்டு வகைப்படுத்தல் கட்டுரையை (ஒரு சட்ட விதி எந்த வகையைச் சேர்ந்தது என்று முடிவு செய்வது பற்றியது) எளிமையாகச் சொல்ல எடுத்துக்காட்டு ஏதாவது?

பாதிராத்திரி வாசகன்:

டென்னசி புரோநோட்டு வழக்கை எடுங்கள். ஜெர்மன் உச்ச நீதிமன்றமாக இருந்த ரைக்ஸ்கெரிக்ட், 1882. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் எழுதிய புரோநோட்டுகள், வழக்கு ஜெர்மனியில். கடனுக்குப் பொருந்துவது டென்னசி சட்டம். காலவரம்பு தாண்டிவிட்டது என்றார் பிரதிவாதி. டென்னசி கணக்கிலும் தாண்டிவிட்டது, ஜெர்மன் கணக்கிலும் தாண்டிவிட்டது. வழக்கு அங்கேயே முடிந்திருக்கவேண்டும்.

நீதிமன்றம் யோசித்தது இப்படி: அமெரிக்கப் பார்வையில் காலவரம்பு என்பது வழக்கு நடைமுறை விதி. வெளிநாட்டு நடைமுறை விதியை நாங்கள் பின்பற்றுவதில்லை, எனவே டென்னசி காலவரம்பு வராது. ஜெர்மன் பார்வையில் காலவரம்பு கடனின் உள்ளடக்கத்தைச் சேர்ந்தது. கடனுக்கு ஜெர்மன் சட்டம் பொருந்தாது, எனவே ஜெர்மன் காலவரம்பும் வராது. முடிவு? அந்தக் கடன் எந்தக் காலத்திலும் காலாவதி ஆகாது! இரண்டு நாடும் செத்துவிட்டது என்று சொன்ன கடனுக்கு நீதிமன்றம் சாகாவரம் கொடுத்துவிட்டது. இதைச் சொன்னால் வகுப்பில் ஒருவரும் தூங்கமாட்டார்கள்.

ராபெல் 1931இல் சொன்னது: "காலவரம்பு", "நடைமுறை" போன்ற வகைகளுக்கு உள்ளூர்ச் சட்டத்தின் பொருளையும் எடுக்காதே, வெளிநாட்டுச் சட்டத்தின் பொருளையும் எடுக்காதே. பல நாட்டுச் சட்டங்களை ஒப்பிட்டு, அந்த விதி என்ன வேலையைச் செய்கிறது என்று பார்த்து வகைப்படுத்து. காலவரம்பு எந்தப் பெயரில் வந்தாலும் செய்யும் வேலை ஒன்றுதான், பழைய கடனை அடக்கம் செய்வது.

அழகான யோசனை, ஆனால் ஒரு சாதாரண நீதிபதி ஒரு கடன் வழக்குக்காக உலகச் சட்டங்களை எல்லாம் ஒப்பிட்டுக்கொண்டு உட்கார முடியாது என்று எதிர்ப்பும் வந்தது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லுங்கள். ஜெர்மன் நீதிமன்றங்கள் உள்ளூர் வகைகளிலிருந்தே தொடங்குகின்றன. ஆனால் விதி செய்யும் வேலையைப் பார்க்கும் பழக்கம் உள்ளே வந்துவிட்டது.

எல்பேக்கரை:

ஒரு எச்சரிக்கை. "இந்தப் புதிர் இன்று தீர்ந்துவிட்டதா" என்று கட்டாயம் கேட்பார்கள். ரோம் 1 என்ற ஐரோப்பிய ஒழுங்குமுறை 2009 டிசம்பர் முதல் ஒப்பந்தங்களுக்குப் பொருந்துகிறது. ஒப்பந்தத்தை ஆளும் சட்டமே காலவரம்பையும் ஆளும் என்று அதன் 12ஆம் பிரிவு நேராகச் சொல்லிவிட்டது. ஆம், தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு உட்காரப் போகாதீர்கள். அதே ஒழுங்குமுறையின் 1ஆம் பிரிவு, உண்டியல் (இன்னாருக்குப் பணம் கொடு என்று எழுதும் சீட்டு), காசோலை, புரோநோட்டு ஆகியவற்றின் கைமாறும் தன்மையிலிருந்து எழும் கடமைகளை வெளியே தள்ளி வைக்கிறது. டென்னசி வழக்கில் இருந்தது புரோநோட்டு. அந்தப் பிரிவின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.